எந்தச் சொல் மாற வேண்டும்? அநீதியான தொழில் சட்டங்களை எதிர்த்து இயங்க முனையும் கிழக்கின் இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன்னர் மட்டக்களப்பில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து, கடைகளில் வேலை செய்யும் இளைஞர்களின் நிலை குறித்து மூன்று பக்க மகஜர் ஒன்றை எழுதி, கொழும்பில் உள்ள ஓர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். 'சுரண்டல்' என்ற சொல்லை மட்டும் அதில் ஒன்பது இடங்களில் எழுதியிருந்தோம். ஏழு வாரங்களின் பின்னர் வந்த பதிலில் இரண்டே வரிகள் இருந்தன. கடிதம் கிடைத்தது, விடயம் கவனத்தில் எடுக்கப்பட்டது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவரிடம் அந்த மகஜரின் பிரதியைக் காட்டியபோது, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "எல்லாஞ் சரி தம்பி. இதில எந்தச் சட்டத்தில எத்தனையாம் பிரிவை மாத்தச் சொல்லுறீங்க?" எங்களிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இன்னொரு குழு தபாற்கந்தோருக்குப் போகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குறையைத் தரம் பிரித்தல்

வேலைத்தலத்தில் நடக்கும் அநியாயங்கள் எல்லாவற்றுக்கும் சட்டமே காரணம் என்று எடுத்துக்கொள்வது, இப்பணியில் இறங்கும் இளைஞர்கள் செய்யும் முதற் தவறு. சட்டம் நன்றாக இருந்தும் மீறப்படுவது ஒன்று. சட்டம் இருந்தும் அது குறித்த சிலரை எட்டாமல் நிற்பது இன்னொன்று. சட்டமே ஒரு பக்கம் சாய்ந்திருப்பது வேறொன்று. முதலாவதற்குத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்ய வேண்டுமே தவிர ஊர்வலம் போவதால் பயனில்லை. பின்னைய இரண்டுக்குத்தான் பிரசாரம் தேவைப்படுகிறது.

ஒரு புடவைக்கடையை எடுத்துக்கொள்வோம். அங்கு நிற்கும் பெண் காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரைக்கு வீடு திரும்புகிறாள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. வாரத்தில் ஆறு நாள் வேலை. அப்படியாயின் வாரத்துக்கு 66 மணித்தியாலங்கள் ஆகின்றன. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமான கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியாலங்களையே வழமையான வேலை நேரமாகக் கொள்கிறது. மேலதிக நேர வேலையும் வாரத்துக்கு 12 மணித்தியாலங்களைத் தாண்டக்கூடாது. அதற்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவு வழங்க வேண்டும். அந்தப் பிள்ளையோ 21 மணித்தியாலங்கள் கூடுதலாக நிற்கிறாள், அதற்கு ஒரு சதமும் பெறுவதில்லை. இங்கே சட்டத்தில் குறையில்லை, சட்டம் மீறப்படுகிறது. சேமலாப நிதிக்கு அவளுடைய பங்காக 8 வீதத்தைச் சம்பளத்தில் வெட்டிக்கொண்டு, முதலாளி தம் பங்கான 12 வீதத்தையும் சேர்த்துக் கட்டாமல் விடுவதும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குரிய 3 வீதத்தை மறந்துவிடுவதும் இதே வகையானவையே. இவற்றைச் 'சட்டத்தை மாற்று' என்ற பதாகையின் கீழ் கொண்டுவந்தால், எதிரில் இருப்பவர் "சட்டம் ஏற்கனவே உங்கள் பக்கந்தானே இருக்கிறது" என்று ஒரே வசனத்தில் உங்களை அனுப்பிவிடுவார்; அதில் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

இனி அதே பெண்ணை முதலாளி ஒரு நாள் "நாளைக்கு வரத் தேவையில்லை" என்று அனுப்பிவிடுகிறார் என்று வையுங்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், ஒழுக்காற்றுக் காரணம் இன்றி ஓர் ஊழியரை நிறுத்துவதாயின் ஒன்றில் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும் என்கிறது. ஆனால் நிறுத்தப்படுவதற்கு முந்திய ஆறு மாதங்களில் சராசரியாக 15 பேருக்குக் குறைவானவர்களை வைத்திருந்த தொழில் தருநருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. 12 மாதங்களுக்குள் 180 நாட்கள் வேலை செய்யாதவருக்கும் அதன் பாதுகாப்புக் கிடையாது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்திலும் (வேலையை விட்டு விலகும்போது தரவேண்டிய தொகை பற்றியது) அதே 15 என்ற எண் வந்து நிற்கிறது. மட்டக்களப்பு நகரின் பிரதான வீதியிலும், காத்தான்குடியிலும், களுவாஞ்சிகுடியிலும், கல்முனை பசாரிலும் நடந்து போய்க் கடைக்குள் எட்டிப் பாருங்கள். பதினைந்து பேர் வேலை செய்யும் கடைகளை விரல்விட்டு எண்ணலாம். கொழும்பின் பெரிய நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு விரிக்கப்பட்ட குடை எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தலைக்கு மேல் வரும்போது சுருங்கிவிடுகிறது. சட்டம் எட்டாத இடம் என்பது இதுதான். இங்கேதான் பிரசாரத்துக்கு வேலை இருக்கிறது.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கடை சிறியது என்பதால், வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையின் கதவு மூடப்படுவதில்லை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ், வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் எந்த ஊழியரும் அங்கு விண்ணப்பிக்கலாம். பிரசாரத்தில் மூழ்கி அந்த ஆறு மாதத்தைத் தவறவிட்ட ஒருவரை நான் அறிவேன். பொதுக் கோரிக்கை மெதுவாக நகரட்டும். தனியாளின் வழக்கு அதற்காகக் காத்திருக்கக்கூடாது.

நீங்கள் எதிர்ப்பது சட்டமா, ஒழுங்குவிதியா, வெறும் சுற்றறிக்கையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்கப்படும் குடும்பப் பின்னணி அறிக்கை 2013இல் சுற்றறிக்கை ஒன்றின் மூலமே வந்தது. அப்போது ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போக முடியாது என்றிருந்தது. 2022இல் அமைச்சரவைத் தீர்மானத்தால் அது இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. பாராளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பும் தேவைப்படவில்லை. மறுபுறம், உள்ளூரில் வீட்டுவேலை செய்பவரைப் பற்றிய 1871ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், அவரைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிப்பதைப் பற்றிப் பேசுகிறதே தவிர, அவருடைய வேலை நேரத்தைப் பற்றிப் பேசவில்லை. அதை அகற்றப் பாராளுமன்றந்தான் வேண்டும். முதலாவதற்கு அமைச்சின் வாசலிலும் இரண்டாவதற்குப் பாராளுமன்ற உறுப்பினரின் வாசலிலும் நிற்க வேண்டும். வாசலை மாற்றி நின்றால் ஓராண்டு வீணாகும்.

கொப்பி எழுதுதல்

எங்கள் இரண்டாவது முயற்சிக்கு அடித்தளமாக இருந்தது ஒரு நாற்பது பக்கக் கொப்பி. ஆரையம்பதிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வந்த ஒரு தங்கை, பாடசாலையில் மிஞ்சிய கொப்பியின் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி: திகதி, கடைக்குள் கால் வைத்த நேரம், வெளியே வந்த நேரம், சாப்பிடக் கிடைத்த நிமிடங்கள். சில வரிகளின் ஓரத்தில் 'போயா – திறந்தது' என்று சிறு எழுத்தில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமைக்கு நேரே 'நோன்புப் பெருநாள் சனம் – 10.40' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. நாங்கள் மூன்று பக்கத்தில் சொல்ல முடியாததை அந்த ஒரு வரி சொல்லிவிட்டது.

இதுபோல் பத்துப் பன்னிரண்டு பேர், வெவ்வேறு கடைகளில், மூன்று மாதங்களுக்கு எழுதினால் உங்களிடம் மறுக்க முடியாத ஒரு பதிவு சேர்ந்துவிடும். அன்றன்றைக்கே எழுத வேண்டும்; மாத முடிவில் நினைவிலிருந்து நிரப்பிய கொப்பியை ஒரே மையும் ஒரே சாய்வும் காட்டிக் கொடுத்துவிடும். சம்பளத் துண்டு, நியமனக் கடிதம் போன்று உங்களுக்கென்று தரப்பட்டவற்றின் பிரதியை வைத்திருங்கள். கடையின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து படம் எடுக்காதீர்கள், அது வேறு வழக்காக முடியும். கொப்பிகளைத் தொகுக்கும்போது பெயர்களுக்குப் பதிலாக எண்களை இடுங்கள். எந்த எண் எவருடையது என்ற பட்டியல் ஒருவரிடம், தாளில், வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டது எதுவும் இரகசியம் அல்ல என்பதை எங்கள் ஊரில் விளக்கத் தேவையில்லை.

அரசிடமே எண்ணிக்கை கேட்டல்

உங்கள் கொப்பி பன்னிரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறது. மாவட்டத்தைப் பற்றிய எண்ணிக்கை அரசிடமே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் அதைக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று விளக்க வேண்டிய கடப்பாடு இல்லை. விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டை அந்த இடத்திலேயே கேட்டு வாங்குங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் அதே திணைக்களத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதற்கும் மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

கேள்வியை நீட்டாதீர்கள். 'ஊழியர்களின் பிரச்சினைகள் பற்றிய விபரம் தருக' என்றால் ஒரு துண்டுப் பிரசுரம் கைக்கு வரும். 'கடந்த மூன்று ஆண்டுகளில், ஆண்டு வாரியாக, வேலை நிறுத்தப்பட்டமை தொடர்பாக இம்மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குக் கிடைத்த முறைப்பாடுகள் எத்தனை. அவற்றுள், தொழில் தருநரிடம் 15 பேருக்குக் குறைவானோரே வேலை செய்தனர் என்ற காரணத்தால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விசாரிக்கப்படாதவை எத்தனை' என்று கேட்டால், பதில் ஓர் எண்ணாக வரும், அல்லது அப்படி ஒரு பதிவே வைக்கப்படவில்லை என்று வரும். எத்தனை பேர் சட்டத்துக்கு வெளியே விழுகிறார்கள் என்று அரசே எண்ணவில்லை என்பது உங்கள் மகஜரின் முதல் வரியாக இருக்கத் தகுதியானது.

ஒரே பக்கத்தில் கோரிக்கை

மகஜர் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. மேலே சட்டத்தின் பெயர், ஆண்டு, இலக்கம், பிரிவு. அதன் கீழே இப்போதைய வாசகம். அதன் கீழே நீங்கள் கேட்கும் வாசகம். எஞ்சிய பாதியில் ஏன் என்பதற்கான காரணம், கொப்பியின் எண்களுடன். '15 என்பதை 5 என மாற்றுக' என்ற கோரிக்கையை எவரும் கவனத்தில் மட்டும் எடுத்துவிட்டு இருக்க முடியாது. ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியே ஆக வேண்டும். சிறிய முதலாளிகள் தாங்கமாட்டார்கள் என்று பதில் வரும். அது பொய்யான வாதமும் அல்ல, மூன்று பேரை வைத்து நடத்தும் பலசரக்குக் கடைக்காரரின் கஷ்டமும் உண்மையானதே. ஆகவே எந்த எண்ணைக் கேட்பது என்பதை உங்களுக்குள் முன்கூட்டியே வாதாடி முடித்துக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தில் இதற்கே நான்கு சனிக்கிழமைகள் போயின.

கோரிக்கை சிறிதாக இருப்பதில் வெட்கம் இல்லை. கேரளத்தில் கோழிக்கோட்டுப் புடவைக்கடைப் பெண்கள் கேட்டது, வேலை நேரத்தில் உட்காருவதற்கு ஓர் இருக்கை. 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் தமிழ்நாடும் தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. நாள் முழுதும் நின்றவர்களின் வீங்கிய கால்களிலிருந்து புறப்பட்ட கோரிக்கை அது. ஒரு பிரிவுக்குள் அடங்கும் அளவுக்குத் திட்டமாக இருந்தபடியால்தான் சட்டப் புத்தகத்துக்குள் நுழைய முடிந்தது.

காலம் தவறாமை

நடைமுறையில் உள்ள சட்டத்தை மாற்றக் கேட்பதற்குக் காலக்கெடு இல்லை. புதிதாக வரவிருக்கும் மோசமான சட்டத்தைத் தடுப்பதற்கோ மிகக் கடுமையான காலக்கெடு உண்டு. எங்கள் அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரையின்படி, சபாநாயகர் சான்றுரைத்துச் சட்டமாகிவிட்ட ஒன்றின் செல்லுபடித்தன்மையை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது. ஆகவே சட்டமூலமாக இருக்கும்போதே உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அது பாராளுமன்றத்தின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்பட்ட பின் அதற்குக் கிடைப்பது சில நாட்களே. இதன் பொருள், உங்கள் குழுவில் ஒருவர் வாராவாரம் அரசின் அறிவித்தல் இதழான வர்த்தமானியைப் பார்க்க வேண்டும் என்பதாகும். சட்டமூலங்கள் வர்த்தமானியின் பகுதி II இன் குறைநிரப்பியாக வெளியாகின்றன. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் கிடைக்கும். சுவாரசியம் அற்ற வேலைதான். எங்கள் குழுவில் இதை ஏற்றுக்கொண்டவர் ஒரு கணக்கியல் மாணவர்; அவருக்கு மட்டும் கூட்டத்தில் தேநீர்க் காசு கேட்பதில்லை என்று முடிவு செய்தோம்.

தமிழ்ப் பிரதியை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலான சட்டங்களின் கடைசிப் பிரிவில், சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையில் ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்று எழுதப்பட்டிருக்கும். நீங்கள் தமிழில் படித்து எதிர்த்த சொல் சிங்களத்தில் வேறாக இருந்தால், உங்கள் வாதம் அவ்விடத்திலேயே விழுந்துவிடும். அம்பாறை மாவட்டத்து நண்பர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: அம்பாறை நகரில் சிறிய கடைகளில் வேலை செய்யும் சிங்கள இளைஞர்களும் அதே 15 என்ற எண்ணுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். பிரதியை அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள்; மகஜரிலும் அவர்களுடைய ஒப்பம் இருக்கட்டும்.

முன்னைய போராட்டங்களையும் படியுங்கள். 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துக் கட்டுநாயக்க வர்த்தக வலயத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தபோது, பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் ரொஷான் சானக்க என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். அதன் பின்னரே அந்தச் சட்டமூலம் மீளப்பெறப்பட்டது. 2023இல் பல தொழில் சட்டங்களை ஒன்றாக்கும் வரைவு வந்தபோதும் தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன, அது சட்டமாகவில்லை. இரண்டிலும் எதிர்ப்பு எழுந்தது வாசகம் கைக்கு வந்த பிறகு. எந்தப் பிரிவு எவரைப் பாதிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஊருக்குள் நடந்துகொள்ளும் முறை

எங்கள் ஊர்களில் முதலாளி என்பவர் அந்நியர் அல்லர். அவர் கோயிலில் வண்ணக்கராக இருப்பார், அல்லது பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பார். உங்கள் தகப்பனோடு படித்தவராக இருப்பார். நோட்டீஸ் கொடுத்த மறுநாள் "என்ன மனே, உன்ர மகள் எனக்கெதிராப் போறாவாமே" என்று அவர் வீட்டுக்கு வந்து கேட்டால், பயம் உங்களைவிட உங்கள் தாயைத்தான் முதலில் பிடிக்கும். இதற்கு நான் கண்ட ஒரே வழி, கோரிக்கையில் எந்தக் கடையின் பெயரும் வராமல் காப்பதும், பிரசாரம் தொடங்குமுன் பெற்றோரை ஒரு கூட்டத்துக்கு அழைத்து அந்த ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டுவதும் ஆகும். முகநூலில் கடையின் பெயரைப் போட்டு ஏசுவதால் மானநட்ட வழக்கு வரலாம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது.

காந்தி பூங்காவில் கூடி நிற்பதற்கும் வீதியால் ஊர்வலம் போவதற்கும் வேறுபாடு உண்டு. ஊர்வலமாயின், பொலிஸ் கட்டளைச்சட்டத்தின்படி குறைந்தது ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அறிவித்தலின் பிரதியில் பொலிஸ் முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி வேண்டும். வந்தவர்களின் பெயர் விபரம் கேட்டு எவரேனும் வந்தால், பேசுவதற்கென முன்கூட்டியே நியமித்த இருவர் மட்டும் பேசட்டும், மற்றவர்கள் விலகி நிற்கட்டும்.

தொழிற்சங்கம் அமைப்பதற்கு ஏழு பேர் போதும். அவர்கள் ஒரே கடையில் வேலை செய்ய வேண்டும் என்பதில்லை. சிறிய கடைகளின் ஊழியர்கள் சேர்ந்து மாவட்ட அளவில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்தால், இளைஞர் கழகத்தின் கடிதத்துக்குக் கிடைக்காத கவனம் சங்கத்தின் கடிதத்துக்குக் கிடைக்கும்.

கொடுத்த பின்

மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து ஐவரும், அம்பாறையை உள்ளடக்கிய திகாமடுல்லைத் தேர்தல் மாவட்டத்திலிருந்து எழுவரும் பாராளுமன்றம் செல்கிறார்கள். கட்சி பாராமல் பன்னிரண்டு பேருக்கும் ஒரே பக்கத்தைக் கொடுங்கள். அவர்களுள் ஒருவர் மூலமாகவே பொதுமனுக்கள் பற்றிய குழுவுக்கு மனுச் சமர்ப்பிக்க முடியும். வரவு செலவுத்திட்டக் குழுநிலை விவாதத்தில் தொழில் அமைச்சின் செலவினத் தலைப்பு எடுக்கப்படும் நாளில், உங்கள் கேள்வியை அவர் எழுப்பினால் அது பாராளுமன்ற உரைப் பதிவேடான ஹன்சாட்டில் பதிவாகிவிடும். அந்த நாள் எது என்று முன்கூட்டியே கேட்டறிந்து, அதற்கு ஒரு வாரம் முன்னர் நேரில் போய் நினைவூட்டுங்கள். பிரதிகளைத் தொழில் அமைச்சின் செயலாளருக்கும், தொழில் ஆணையாளர் நாயகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபாற்கந்தோரில் தரும் பற்றுச்சீட்டைக் கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டி, அதன் அருகில் முப்பதாவது நாளின் திகதியை எழுதி வையுங்கள். அன்று பதில் வந்திராவிட்டால், முதற் கடிதத்தின் திகதியையும் பற்றுச்சீட்டின் இலக்கத்தையும் தலைப்பில் இட்டு இரண்டாவது கடிதம் போகும். அதற்குரிய முத்திரைக் காசை முதற் கூட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.